நின்றுபோகும் வண்டிகளும் இருபது சதவீத எத்தனாலும்

கேள்வி: நான் வேதாரண்யம் அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். 2013இல் வாங்கிய, கார்புரேட்டர் பொருத்திய 110 சிசி ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் எடுக்கிறேன். 2019 வாக்கில் லிட்டருக்கு 48 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 40ஐத் தாண்டுவதில்லை. நான்கு நாள் நின்றால் சோக் போட்டுப் பலமுறை உதைத்தால்தான் கிளம்புகிறது. எத்தனால் பெட்ரோலால் டேங்கில் தண்ணீர் சேர்ந்துவிட்டது, டேங்கையும் கார்புரேட்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். தோப்பில் புல் வெட்ட ஒரு டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரும், கஜா புயலுக்குப் பிறகு வாங்கிய பெட்ரோல் ஜெனரேட்டரும் இருக்கின்றன. பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்துவிடலாம் என்று பேரன் ஒரு காணொளியைக் காட்டுகிறான். வண்டியை விற்றுவிடலாமா?

பதில்: அன்புள்ள ஐயா,

டேங்கையும் கார்புரேட்டரையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். வண்டியை விற்கவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் மைலேஜ் கணக்கைவிட என் கண்ணில் பட்டது, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் எடுக்கிறேன் என்ற வரி. முப்பது ஆண்டுகளாக இருசக்கர வாகனங்களைப் பழுதுபார்த்தும், அந்த வேலையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் வருகிறேன். எத்தனாலால் கெட்டது என்று என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை நின்று கெட்டவை. நாள்தோறும் ஓடி, வாரம் ஒருமுறை டேங்க் காலியாகி நிரம்பும் பழைய வண்டிகள் அவ்வளவாக என்னிடம் வருவதில்லை. ஆகவே உங்கள் மூன்று இயந்திரங்களையும் அவை எத்தனை நாள் சும்மா நிற்கின்றன என்ற கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் மைலேஜ். நம் நாட்டில் எத்தனால் கலப்பு 2003இல் சில மாநிலங்களில் 5 சதவீதமாகத் தொடங்கியது. 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்து, 2025இல் அதுவே சாதாரண பெட்ரோல் ஆகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். எனவே 20 சதவீதம் கலந்த லிட்டரில், கலப்பே இல்லாத பெட்ரோலைவிட ஏறத்தாழ 7 சதவீதமும், 10 சதவீதக் கலவையைவிட 3 முதல் 4 சதவீதமும் ஆற்றல் குறையும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சீரமைத்த இருசக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4 சதவீத இழப்பு வரும் என்றுதான் நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையும் மதிப்பிட்டது. உங்களுக்குச் சாதகமாக, 2019இல் நீங்கள் ஊற்றியது முழுக்க முழுக்கக் கலப்பற்ற பெட்ரோல் என்றே வைத்துக்கொண்டாலும், 48 என்பது 45க்குச் சற்றுக் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான். மீதி ஐந்து கிலோமீட்டரை எத்தனாலின் தலையில் மட்டும் கட்ட முடியாது. பன்னிரண்டு வயதைக் கடந்த ஸ்கூட்டரில் தேய்ந்த பெல்ட், தட்டையாகிப்போன வேரியேட்டர் ரோலர், அடைத்த ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும் பின்சக்கரம், காற்று குறைந்த டயர் ஆகியவை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் கைக்கே தெரிந்துவிடும்.

சோக் போட்டால்தான் கிளம்புகிறது என்று எழுதியிருப்பது பயனுள்ள குறிப்பு. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5 பங்கு. அதாவது, அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவைப்படுகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு தயாரான ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டிகள் பெரும்பாலும் புகைப்போக்கியில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுத் தாமாகவே அளவைக் கூட்டிக்கொள்ளும். உங்கள் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பெட்ரோலை அளந்துவிடும் ஜெட் என்ற சிறு பித்தளைக் குழலின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் ஊற்றும். ஆகவே 10 சதவீதக் கலவைக்குச் சரியாக இருந்த வண்டி 20 சதவீதத்தில் ஏறக்குறைய 4 சதவீதம் வறட்சியாக, அதாவது காற்று மிகுந்து எரிபொருள் குறைந்து, ஓடும். காலைக் குளிரில் கிளம்ப மறுப்பது, திராட்டிலைத் திறந்ததும் ஒரு நொடி இழுவை விட்டுப்போவது, ஐடிலிங்கில் நின்றுபோவது எல்லாம் வறட்சியின் அடையாளங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மூக்குப் பகுதி இளம்பழுப்பாக இருந்தால் கவலை இல்லை. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவை வறண்டிருக்கிறது.

வறட்சிக்கு மருந்து எளியது. ஆனால் எந்தப் பக்கம் திருகுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கலவையைச் சீராக்கும் திருகு, கார்புரேட்டரில் இன்ஜின் பக்கமாக இருந்தால் அது எரிபொருளைக் கட்டுப்படுத்துவது. வெளிப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. உட்பக்கம் திருப்பினால்தான் காற்று குறைந்து கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். இன்ஜின் நன்கு சூடான பிறகு கால் சுற்று, அரைச் சுற்று என்று பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. அதன் பின்னும் வேகத்தில் பிளக் வெளுத்தால், மெயின் ஜெட்டை ஒரே ஓர் எண் மட்டும் கூட்டலாம். 4 சதவீதப் பரப்பு கூட, துளையின் விட்டம் 2 சதவீதம் கூடினால் போதும். இரண்டு மூன்று எண் பெரிய ஜெட்டைப் போட்டுவிட்டு இப்போது நன்றாக இழுக்கிறது என்பவர்கள், அடுத்த மாதம் மைலேஜ் 35க்கு இறங்கிவிட்டது என்று திரும்பி வருவார்கள்.

நான்கு நாள் நின்றதும் முரண்டு பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதற்கும் எத்தனாலுக்கும் தொடர்பு குறைவு. கார்புரேட்டரின் அடியில் உள்ள ஃப்ளோட் கிண்ணத்தில் சிறிதளவு பெட்ரோல்தான் தங்கும். அந்தக் கிண்ணத்துக்குக் காற்றுத்துளை உண்டு என்பதால், வண்டி நிற்கும்போது பெட்ரோலின் இலேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய், எளிதில் பற்றாத கனமான பகுதி எஞ்சுகிறது. பல ஸ்கூட்டர்களில் இன்ஜின் சுற்றும்போது உண்டாகும் உறிஞ்சலால்தான் பெட்ரோல் வால்வு திறக்கும். எனவே கிண்ணம் மீண்டும் நிரம்பும் வரை நீங்கள் உதைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இது நோயன்று, அமைப்பு. ஆனால் இப்படி வாரக்கணக்கில் ஆவியாகி ஆவியாகி எஞ்சும் பிசின், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும், முடியைப் போன்ற துளை கொண்ட ஸ்லோ ஜெட்டை அடைக்கும்போது அது நோயாகிவிடுகிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் எட்டு மாதம் நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டரைச் சென்ற ஆண்டு பிரித்தேன். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி, பித்தளை ஜெட்டைச் சுற்றிப் பச்சைப் படலம், நடுவில் பனைவெல்லப் பாகு போல ஒரு படிவு. வெள்ளைப் பொடி கார்புரேட்டர் உடலான உலோகக் கலவை அரித்தது. பச்சை, பித்தளை அரித்தது. அந்த வண்டியின் இன்ஜினுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

இனி தண்ணீர். எத்தனால் நீரை இழுக்கும் என்பது உண்மை. உப்பளக் காற்று வீசும் உங்கள் ஊரில் அது கூடுதலாகவே இருக்கும். எனினும், மூடியிருக்கும் டேங்கினுள் காற்றிலிருந்து மட்டும் ஒரு கிண்ணம் தண்ணீர் சேர்ந்துவிடாது. அதற்குப் பல மாதங்கள் ஆகும். நான் பார்த்தவரை தண்ணீர் வரும் வழி வேறு: வெடித்துப்போன டேங்க் மூடி ரப்பர், மழையில் திறந்தவெளியில் நிறுத்துதல், வாட்டர் சர்வீஸில் சீட்டைத் தூக்கிப் பீய்ச்சி அடித்தல். முன்பு கிடைத்த கலப்பில்லாத பெட்ரோலில் தண்ணீர் புகுந்தால் அது அடியில் தனியாகக் கிடக்கும். எத்தனால் கலந்ததில் ஓரளவு வரை கரைந்து, பெட்ரோலோடு சேர்ந்தே எரிந்து போய்விடும். இது ஒருவகையில் நன்மைதான். பத்து சதவீதக் கலவை சாதாரண வெப்பநிலையில் லிட்டருக்கு ஏறக்குறைய 5 மி.லி. நீரைத் தாங்கும், இருபது சதவீதக் கலவை அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டினால், தண்ணீர் தான் மட்டும் பிரியாமல் எத்தனாலையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறது. மேலே எத்தனால் இழந்த, ஆக்டேன் (இன்ஜின் தட்டாமல் எரியும் தன்மை) குறைந்த பெட்ரோல். கீழே தண்ணீரும் எத்தனாலும் கலந்த ஒரு படலம். டேங்கின் வெளிவழி அடியில் இருப்பதால் இன்ஜினுக்கு முதலில் போவது இந்தக் கீழ்ப்படலம்தான். ஒருமுறை பிரிந்ததைக் குலுக்கிச் சேர்க்க முடியாது.

உங்கள் டேங்கில் அப்படி நடந்திருக்கிறதா என்பதை ஐந்நூறு ரூபாய்கூடச் செலவழிக்காமல் தெரிந்துகொள்ளலாம். ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, அதில் உள்ளதை ஒரு சுத்தமான கண்ணாடிக் குப்பியில் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு பெட்ரோல் டியூபைக் கழற்றி டேங்கின் அடியிலிருந்து கால் லிட்டரை இன்னொரு குப்பியில் பிடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், அருகில் நெருப்பு இல்லாமல், ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் தண்ணீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மோர் தெளிந்ததுபோல இரண்டு அடுக்காகக் கோடு விழுந்தாலோ, கலங்கி நின்றாலோ, டேங்கை முழுவதுமாக வடித்து உலர்த்த வேண்டும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, அடித்தையலில் துரு செதிலாகக் கிளம்பியிருந்தால் மட்டுமே டேங்க் மாற்றும் பேச்சு வர வேண்டும். உங்கள் மெக்கானிக் இந்தச் சோதனையைச் செய்த பிறகுதான் சொன்னாரா என்று கடிதத்தில் இல்லை. மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீங்கள் உண்மையில் மாற்ற வேண்டியவை சின்னச் சின்ன ரப்பர்கள்: டேங்க் மூடி ரப்பர், பெட்ரோல் டியூப், ஃப்ளோட் கிண்ணத்தின் ஓ-ரிங், பெட்ரோல் வால்வின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு. இயற்கை ரப்பரும் மட்டமான நைட்ரைலும் எத்தனாலில் ஊதி, பிறகு உலரும்போது வெடிக்கும். கார்க் கேஸ்கெட்டும் தாங்காது. ஃப்ளூரோ ரப்பர் எனப்படும் விட்டான் வகை தாங்கும். டியூப் விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். மலிவாகக் கிடைத்த, பார்க்க அழகான ஒளிபுகும் டியூப் ஒன்றை ஒரு வண்டிக்குப் போட்டு அனுப்பினேன். இரண்டே மாதத்தில் மஞ்சளாகி, விறைத்து, இணைப்பில் கசிந்தது. நல்லவேளையாக வாடிக்கையாளருக்குப் பெட்ரோல் வாசனை முன்னதாகவே தெரிந்துவிட்டது. ஆகவே டியூப் வாங்கும்போது வண்டி நிறுவனத்தின் அசல் பாகம் அல்லது எத்தனால் தாங்கும் என்று அச்சிட்டிருப்பது என்று கேட்டு வாங்குங்கள். கூடவே பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் நல்ல கரைப்பான் என்பதால், பல ஆண்டுகளாக டேங்கில் ஒட்டியிருந்த பிசினையும் அழுக்கையும் கழுவிக் கொண்டுவந்து அங்கேதான் சேர்க்கும்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன பிரஷ் கட்டரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனி ஆயில் அறை கிடையாது; பெட்ரோலில் நாம் கலக்கும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். கலவை பிரிந்துபோகும்போது ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு தங்கிவிடும். கீழ்ப்படலத்தில் ஆயில் இருக்காது. கட்டரின் டேங்கில் உறிஞ்சு குழாயின் தலை கனமாகச் செய்யப்பட்டிருப்பது எப்போதும் அடியில் கிடப்பதற்காகத்தான். ஆக, ஆயில் இல்லாத எத்தனால் தண்ணீரை அது முதலில் உறிஞ்சும். ஸ்கூட்டர் என்றால் நின்றுபோகும், உதைத்துப் பார்ப்பீர்கள். கட்டர் நிமிடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் சுற்றில் ஓடுவது, பிஸ்டன் சீஸ் ஆகிவிடும், அதாவது சூட்டில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். இதனோடு, வறண்ட கலவை டூ ஸ்ட்ரோக்கில் சூட்டையும் கூட்டுகிறது. பெட்ரோலில் ஓடும் சிறு இயந்திரங்களைத் தயாரிப்போரில் பலர் தம் கையேட்டில் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கிறார்கள். அமெரிக்காவில் 15 சதவீதக் கலவையை 2001ஆம் ஆண்டு மாடல் முதலான கார்களுக்கு அனுமதித்தபோதும், மோட்டார் சைக்கிளுக்கும் புல்வெட்டும் இயந்திரங்களுக்கும் படகு இன்ஜின்களுக்கும் அதை ஊற்றக் கூடாது என்று பம்ப்பிலேயே எழுதி ஒட்டச் செய்தார்கள். நமக்கு அப்படித் தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலான பங்க்குகளில் இல்லை. பிரீமியம் என்று பெயர் வைத்திருப்பதாலேயே அதில் எத்தனால் இல்லை என்றும் ஆகிவிடாது.

ஆகவே கட்டருக்குப் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் அன்றே கலக்குங்கள். கையேட்டில் 50க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி., 25க்கு 1 என்றிருந்தால் 40 மி.லி. வறண்டு ஓடும் என்று பயந்து ஆயிலைக் கூட்டி ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைந்து கலவை மேலும் வறளும். வேண்டுமானால் கார்புரேட்டரில் அதிவேகத்துக்கான ஊசியை, கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள், சற்றுத் திறந்துவிடச் சொல்லலாம். வேலை முடிந்ததும் டேங்கில் மிஞ்சியதைக் கேனில் வடித்துவிட்டு, ஐடிலிங்கில் ஓடவிட்டுத் தானாக நிற்கும்வரை விடுங்கள். கட்டரின் கார்புரேட்டருக்குள் இருக்கும் காகிதம் போன்ற டயாஃப்ரம் விறைத்துப்போனால், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் வலிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அதையும் பம்ப் பல்பையும் மாற்றிவிடுவது நல்லது.

ஜெனரேட்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் சீஸ் ஆகும் பயம் குறைவு. ஆனால் மூன்றில் மிக அதிக நாள் சும்மா நிற்பது அதுதான். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்த பிறகு உங்கள் பகுதியில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நினைத்தால், அதை எப்போதும் நிரப்பியே வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அப்படி நிரப்பி வைத்த ஜெனரேட்டர்தான் புயலன்று கிளம்பாது. டேங்கைக் காலியாக வையுங்கள். பெட்ரோல் வால்வை மூடி, கிண்ணம் வற்றும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை அரை லிட்டர் ஊற்றி, ஃபேன் லைட்டைப் போட்டுக் கால் மணி நேரம் ஓட்டி, மறுபடியும் வற்றவிடுங்கள். ஐப்பசி பிறந்ததும் இறுக்கமான மூடியுள்ள உலோகக் கேனில் ஐந்து லிட்டர் வாங்கி வையுங்கள். புயல் வரவில்லையென்றால் ஒரு மாதத்துக்குள் ஸ்கூட்டருக்கு ஊற்றிவிட்டுப் புதிது வாங்குங்கள். குடிநீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

ஸ்கூட்டருக்கும் இதே முறையைச் சற்றுத் தளர்த்திச் சொல்கிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது பத்து நிமிடம் ஓட்டுங்கள். பத்து நாள், இரண்டு வாரம் வெளியூர் போவதானால் டேங்க் நிறைய இருப்பது நல்லது. உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும். இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் டேங்கை வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டுப் போங்கள்.

பேரன் காட்டிய காணொளி பொய்யில்லை. பத்தாம் வகுப்பு வேதியியல்தான். அளவுகோடு போட்ட குடுவையில் 100 மி.லி. பெட்ரோலும் 10 மி.லி. தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், கீழ்ப்படலம் ஏறக்குறைய 30 மி.லி.க்கு உயர்ந்திருக்கும், கூடிய 20 எத்தனால். எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்று அறிய இது நல்ல சோதனை, பங்க்கில் தரும் ஃபில்டர் பேப்பர் சோதனையால் இதை அறிய முடியாது. ஆனால் அப்படிக் கழுவிய பெட்ரோலை வண்டிக்கு ஊற்றாதீர்கள். எத்தனாலின் ஆக்டேன் 108ஐ ஒட்டியது. அது கூடுவதையும் கணக்கில் வைத்துத்தான் கலவைக்கான பெட்ரோலைத் தயாரிக்கிறார்கள். எத்தனாலை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். ஏற்றத்தில் இன்ஜின் தட்டும். தண்ணீரின் மிச்சமும் அதில் இருக்கும். வீட்டு முற்றத்தில் ஐந்து லிட்டர் பெட்ரோலைக் குலுக்கிக்கொண்டிருப்பதன் ஆபத்தை ஓர் ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைகளில் விற்கும் எத்தனால் எதிர்ப்புத் திரவங்களும் அப்படித்தான்: நல்லவை சில, பெட்ரோல் பிசினாவதைத் தாமதப்படுத்தும்; பிரிந்துபோன கலவையை எதுவும் சேர்க்காது.

பிரேசிலில் 30 சதவீதம் கலக்கிறார்களே என்று யாரேனும் உங்களிடம் வாதிட்டால், உண்மைதான். அங்கே அதற்கென்றே வண்டி செய்கிறார்கள், 2009லேயே இருவகை எரிபொருளிலும் ஓடும் மோட்டார் சைக்கிளை ஹோண்டா அங்கு விற்றது. நம் ஓசூர் டிவிஎஸ்ஸும் 2019இல் முழு எத்தனாலில் ஓடும் அப்பாச்சியைச் செய்து காட்டியது. இங்கே 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் ரப்பரும் உலோகமும் 20 சதவீதத்தைத் தாங்குபவை. பேரனுக்கு வண்டி வாங்கும்போது இந்தக் கவலை தேவைப்படாது. உங்களுடையது அதற்குப் பத்தாண்டு மூத்தது என்பதால்தான் இவ்வளவு சொல்ல நேர்ந்தது.

கடைசியாக ஒன்று. சோதனைக்காக வடித்த பெட்ரோல் தெளிவாக இருந்தால் டேங்கிலேயே ஊற்றிவிடலாம். இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தால் அதை வாய்க்காலிலோ தோப்பு மண்ணிலோ கொட்டாதீர்கள், குப்பை எரிக்கவும் பயன்படுத்தாதீர்கள். மூடியுள்ள தகரக் கேனில் அடைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில், உள்ளே இருப்பது தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று சொல்லியே கொடுங்கள்.